குளுவாங் நாட்குறிப்பு: பலா மணக்கும் காப்பி

நவம்பர் 11, 2025, செவ்வாய்: ஆயர் ஈத்தாம்

சேலத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் காப்பித்தூள் கடை நடத்தி, சென்ற ஆண்டு அதை மகனிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்ந்தவன் நான். ஏற்காட்டிலிருந்து மூட்டை இறங்கும் நாளில் ஒரு கொட்டையைக் கடித்துப் பார்த்தே அது சரியாகக் காய்ந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவேன். காப்பி விஷயத்தில் இனிமேல் புதிதாகத் தெரிந்துகொள்ள ஒன்றும் மிச்சமில்லை என்ற எண்ணமும் எனக்கு இருந்தது. மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் குளுவாங் நகரில் இருக்கும் அத்தையைப் பார்க்கக் கிளம்பியபோது, அரைக் கிலோ ஏற்காட்டு அராபிக்கா இனத்துப் பீபெரியையும் (உருண்டைக் கொட்டை) அரைக் கிலோ வயநாட்டு ரொபஸ்டா இனத்துக் காப்பியையும் வறுத்த கொட்டையாகவே பெட்டியில் வைத்துக்கொண்டேன். ரப்பரும் செம்பனையும் (எண்ணெய்ப் பனை) விளையும் ஊரில் நல்ல காப்பிக்கு அவர்கள் எங்கே போவார்கள் என்ற இரக்கம்தான் காரணம்.

கோலாலம்பூரில் சீட்டு விற்றவரின் காதில் நான் சொன்ன ஊர் எப்படி விழுந்ததோ, நான் ஏறிய பேருந்து குளுவாங்குக்குள் போகவே போகாது என்பது, நெடுஞ்சாலையை விட்டு விலகி ஆயர் ஈத்தாம் என்ற ஊரில் என்னைப் பெட்டியோடு இறக்கிவிட்டபோதுதான் தெரிந்தது. குளுவாங்குக்கு அங்கிருந்து இன்னும் இருபது கிலோமீட்டர். மணி நான்கு, மழை அப்போதுதான் பிடித்திருந்தது. இங்கே மழை தூறிப் பார்த்துவிட்டுப் பெய்வதில்லை, தொட்டியைக் கவிழ்த்தது போல ஒரே கொட்டாகக் கொட்டுகிறது. மண்பாண்டங்களும் பூச்சாடிகளும் அடுக்கியிருந்த ஒரு கடையின் தாழ்வாரத்தில் ஒதுங்கினேன். கடைக்காரச் சீன அம்மாள் ஒன்றும் கேட்காமல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டு உள்ளே போய்விட்டார். அத்தை வீட்டு மச்சானுக்கு அழைத்துச் சொன்னேன். வண்டி வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்.

பக்கத்து ஒட்டுக்கடையில் ஒரு காப்பி வாங்கினேன். விலை 2 வெள்ளி (ரிங்கிட்) 20 காசு. நம் கணக்கில் நாற்பத்தைந்து ரூபாய்க்கு மேல். கண்ணாடிக் குவளையில் தார் போலக் கறுத்து வந்தது, அடியில் கெட்டிப்பால் ஒரு விரல் உயரத்துக்குப் படிந்திருந்தது. கலக்கிக் குடித்ததில் முதலில் கருகிய சர்க்கரை, பிறகு ஏதோ நெய்ப்பிசுக்கு, அதற்கும் பிறகு கசப்பு. காப்பி எங்கே என்று தேடினேன். இதைக் குடித்துக்கொண்டு இவர்கள் எப்படி இத்தனை காலம் இருந்தார்கள் என்ற வரியை அன்றைய குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன். அடுத்த நாள்களில் அந்த வரிக்காக வெட்கப்பட நேர்ந்தது, இருந்தாலும் அடிக்காமல் விட்டுவைத்தேன்.

நவம்பர் 12, புதன்: குளுவாங் நகரம்

அத்தைக்கு எழுபத்தெட்டு வயது. என் தாத்தாவின் தம்பி மகள், மலாயாவில் பிறந்தவர், ஐம்பது வயது வரை பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்தவர். காலையில் எழுந்ததும் “பசியாறுறியா தம்பி?” என்று கேட்டார். இரவெல்லாம் பட்டினி கிடந்து எழுந்தவனிடம் கேட்க அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை.

மச்சான் என்னை ரயில் நிலையத்துக் காப்பிக் கடைக்கு அழைத்துப் போனார். அது 1938 முதல் நடந்து வருகிறது. கரியடுப்பில் வாட்டிய ரொட்டியில் வெண்ணெயும், தேங்காய்ப் பாலும் முட்டையும் சர்க்கரையும் சேர்த்துக் கிண்டிய காயாவும் தடவிக் கொடுக்கிறார்கள். வாழை இலையில் கூம்பாகக் கட்டிய சிறு நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலங்கள் மேசையிலேயே குவிந்திருக்கும், எடுத்த கணக்கைக் கடைசியில் எண்ணிக்கொள்வார்கள். ஒருவரும் எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்வதாகத் தெரியவில்லை. காப்பி கேட்பதற்கு இங்கே தனி இலக்கணமே உண்டு. வெறுமனே கோப்பி என்றால் கெட்டிப்பால் ஊற்றியது. ‘ஓ’ சேர்த்தால் பாலில்லாமல் சர்க்கரை மட்டும். ‘சி’ சேர்த்தால் சுண்டிய தகரப்பால். சர்க்கரையும் வேண்டாமென்றால் ‘கோசோங்’ என்ற சொல்லையும் கூட்டிக்கொள்ள வேண்டும். நான் ‘கோப்பி ஓ’ மட்டும் சொல்லிவிட்டு, இனிப்பாக வந்ததே என்று முகம் சுளித்ததைப் பக்கத்து மேசையில் இருந்த மலாய்க்காரர் கவனித்து, மச்சான் வாயைத் திறப்பதற்கு முன்பே பரிமாறுபவரைக் கூப்பிட்டு மாற்றித் தரச் சொன்னார்.

அந்தச் சர்க்கரையில்லாத காப்பியிலும் கருகல் முன்னால் நின்றது. ஆனால் விழுங்கிய பிறகு நாக்கின் அடியில் என்னவென்று சொல்லத் தெரியாத ஒரு பழ வாசனை மீந்தது. அது அராபிக்காவின் எலுமிச்சைப் புளிப்பில்லை, ரொபஸ்டாவின் மரக்கட்டை வாசமும் இல்லை.

பகலில் கடைத்தெருவில் ஒரு காப்பித்தூள் கடையைக் கண்டதும் தொழில் பாசம் என்னை உள்ளே இழுத்தது. கடை முதலாளி எழுபதைத் தாண்டிய சீனர். அவர் தமிழ் பேசியபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இளவயதில் மோட்டாரில் தோட்டம் தோட்டமாகப் போய் லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) தூளும் சீனியும் கடனுக்குக் கொடுத்து, சம்பள நாளில் வசூலித்தவராம். “பத்து வெள்ளி பாக்கி, அடுத்த மாசம் தாரேன் தவுக்கே” (தவுக்கே என்றால் முதலாளி) என்பதுதான் தாம் கற்ற முதல் தமிழ் வாக்கியம் என்று சொல்லிச் சிரித்தார். நானும் அதே தொழில் என்று தெரிந்ததும் உள்ளேயிருந்து இரண்டு தட்டுகளில் பச்சைக் கொட்டையைக் கொண்டுவந்து வைத்தார்.

ஒன்று ரொபஸ்டா, இந்தோனேசியாவிலிருந்து வருவது. எனக்கு நன்றாகத் தெரிந்த முகம். உருண்டு திரண்ட சிறு கொட்டை, நடுக்கோடு அளவுகோல் வைத்து இழுத்தது போல நேராக இருக்கும். அராபிக்கா இதற்கு மாறாக நீள்வட்டமாகவும் சற்றுத் தட்டையாகவும் இருக்கும், அதன் நடுக்கோடு ஓடை போல நெளிந்து போகும். எங்கள் கடையில் வேலைக்குச் சேரும் பையன்களுக்கு முதல் நாள் பாடமே இதுதான். இரண்டாவது தட்டில் இருந்ததைப் பார்த்து, இது காப்பிதானா என்று கேட்டுவிட்டேன். அராபிக்காவைவிடப் பெரிது, ஒரு முனை மழுங்கியும் மறு முனை கூர்ந்து கொக்கி போல வளைந்தும் இருந்தது. நடுக்கோடும் சரிபாதியாகப் பிரிக்காமல் கோணலாக ஓடியது. அதுதான் லிபெரிக்கா. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் லைபீரியாவை ஒட்டிய தாழ்நிலக் காடுகளில் பிறந்த மரம். உலகில் விளையும் காப்பியில் பாதிக்கு மேல் அராபிக்கா, மீதி ஏறத்தாழ முழுவதும் ரொபஸ்டா. லிபெரிக்கா நூற்றுக்கு இரண்டு பங்குகூடத் தேறாது. ஆனால் மலேசியத் தீபகற்பத்தில் பயிராகும் காப்பியில் பெரும்பகுதி இதுதான். பெயரைப் படித்திருக்கிறேன், முப்பத்திரண்டு ஆண்டில் ஒரு கொட்டையையும் தொட்டதில்லை.

நம்மவர் பலர் பீபெரி என்பதையும் ஒரு ரகமாக நினைத்துக் கேட்டு வாங்குவார்கள். நானும் திருத்தாமல் விற்றிருக்கிறேன். பழத்துக்குள் இரண்டு விதை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றே உருண்டு விளைந்தால் அது பீபெரி, அவ்வளவுதான். எந்த இனத்திலும் அது உண்டு. லிபெரிக்காவிலும் உண்டு என்று தவுக்கே தட்டைக் கிளறி ஒன்றை எடுத்துக் காட்டினார். அரைக் கிலோ பச்சை லிபெரிக்கா கட்டிக்கொடுத்தார். காசு வாங்க மறுத்தார், பிறகு மச்சானிடம் பாதி விலை வாங்கிக்கொண்டார்.

நவம்பர் 13, வியாழன்: தோட்டம்

அத்தை பிறந்த தோட்டத்தைப் பார்க்கப் போனோம். லயங்கள் இடிக்கப்பட்டுவிட்டன, சிறிய மாரியம்மன் கோயிலும் அதன் முன்னால் ஒரு மாமரமும் எஞ்சியிருக்கின்றன. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை. அத்தையின் காலத்தில் அந்த இடம் முழுவதும் ரப்பர். விடியற்காலை ஐந்து மணிக்குப் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் வரிசைக்கு) நிற்கும் முன்பு அவருடைய அம்மா தகரப் போணியில் வரக்காப்பி ஊற்றிக் கொடுப்பாராம். அந்தக் காப்பி கடையில் வாங்கியதில்லை. லயத்துக்குப் பின்னால் நின்ற நான்கைந்து காப்பி மரங்களில் பழம் பொறுக்கிக் காயவைத்து, உரலில் குத்தி, சட்டியில் வறுத்து அரைத்தது. “மரம்னா மரம் தம்பி, ஏணி வச்சுத்தான் ஏறணும்” என்றார். ஏற்காட்டில் இடுப்பளவில் கவாத்து செய்த செடிகளையே பார்த்துப் பழகிய எனக்கு அது மிகைப்படுத்தலாகப் பட்டது.

ரப்பர் தோட்டத்தில் காப்பி மரம் எப்படி வந்தது என்பதற்கு நூற்றைம்பது ஆண்டுக் கதை இருக்கிறது. நம் முன்னோர் கடல் கடந்து முதலில் போனது ரப்பருக்காகவும் இல்லை, தேயிலைக்காகவும் இல்லை. இலங்கை மலைகளில் வெள்ளைக்காரர் போட்ட காப்பித் தோட்டங்களுக்காகத்தான் மன்னார் வழியே நடந்து போனார்கள். அங்கே பயிரானது அராபிக்கா. 1869-இல் அதன் இலைகளில் துரு நிறத்தில் ஒரு பூஞ்சணம் படர்ந்தது. சில ஆண்டுகளில் தோட்டங்கள் அழிந்து, அந்த இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. தாழ்நிலத்து வெயிலையும் நோயையும் தாங்கும் என்ற நம்பிக்கையில் 1870-களில் லிபெரிக்காவை இலங்கைக்கும் மலாயாவுக்கும் கொண்டுவந்தார்கள். மலாயாவில் அது செழித்து, சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் ஜொகூரிலும் காடு வெட்டிக் காப்பி நட்டார்கள். இலங்கையில் காப்பி போய் மலாயாப் பக்கம் திரும்பிய துரைமார்களோடு தமிழ்த் தொழிலாளரும் வந்தார்கள். பிறகு பிரேசில் காப்பி சந்தையில் வெள்ளமாகப் பாய்ந்ததில் 1890-களின் பிற்பகுதியில் விலை சரிந்தது. கண்ணாடிச் சிறகுடைய ஒரு வகைப் பருந்து அந்துப்பூச்சியின் புழுக்கள் இலையை மொட்டையடித்தன. காப்பி மரங்களுக்கு இடையே ரப்பர் கன்றை ஊன்றி, ரப்பர் தலையெடுத்ததும் காப்பியை வெட்டி எறிந்தார்கள். வெட்டியதுபோக ஓரங்களில் நின்ற மரங்களும் அவற்றின் விதையில் முளைத்தவையும்தான் லயத்துக் கொல்லைகளில் நின்றிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

மழை வந்துவிட்டது. திரும்பும் வழியில் பிசாங் கோரெங் வாங்கினோம். ஐந்து துண்டு 3 வெள்ளி. வாழைப்பழ பஜ்ஜிதான், ஆனால் ஜொகூரில் அதைக் காரமான சோயாக் குழம்பில் தோய்த்துத் தின்கிறார்கள். இந்த வழக்கத்தை நான் சேலத்துக்குக் கடத்தப் போகிறேன்.

நவம்பர் 14, வெள்ளி: சிம்பாங் ரெங்கம் தாண்டி

அத்தை சொன்னது மிகையில்லை.

மச்சானோடு முன்பு வேலை பார்த்த ஒரு மலாய்ப் பெரியவருக்கு மூன்று ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது. அவருடைய தாத்தா ஜாவாவிலிருந்து வந்து குடியேறியவர். சாலையை விட்டு இறங்கியதும் வண்டியை நிறுத்திவிட்டு நடந்தோம். நிலம் கறுப்பாக, மட்கிய தழையும் வேரும் கலந்து பஞ்சு மெத்தை போல அமிழ்ந்தது. மூன்றாவது அடியில் என் செருப்பு உள்ளே போய்விட்டது, முழங்கைவரை விட்டு எடுத்தேன். நம் காப்பிச் செடிக்கு இத்தகைய மண்ணில் ஒரு பருவம்கூட வேர் நிற்காது. இந்த மண்ணிலும் நன்றாக நிற்கும் என்பதே லிபெரிக்காவுக்குக் கிடைத்த வாழ்வு.

அராபிக்கா குளிர் தேடும் பயிர். நம் நாட்டில் ஏறத்தாழ ஆயிரம் மீட்டருக்கு மேல், நிழல் மரத்தின் கீழ், வெயிலும் மழையும் அளவாக விழும் சரிவில்தான் அது நிறைவு கொள்கிறது. ரொபஸ்டா அதைவிடத் தாழ்ந்த, வெப்பமான இடத்தில் விளையும். குளுவாங் நகரை ஒட்டி நிற்கும் மலையான லம்பாக்கே 510 மீட்டர்தான், ஊர் அதன் காலடியில் கிடக்கிறது. கடல்மட்டத்தை ஒட்டிய இந்தச் சமவெளியில் ஆண்டு முழுவதும் ஒரே புழுக்கம், ஆண்டு முழுவதும் மழை. அதனால் இன்னொன்றையும் கண்டேன். நம்மிடம் மார்ச், ஏப்ரலில் பூ மழை பெய்தால் மலை முழுவதும் ஒரே நாளில் வெள்ளையாகப் பூக்கும், நவம்பர் தொடங்கித் தை வரை பழம் எடுத்து முடிப்போம். இங்கே ஒரே கிளையில் மொட்டும் பூவும் பச்சைக்காயும் செம்பழமும் சேர்ந்து இருக்கின்றன. பறிப்புக் காலம் என்று ஒன்று இல்லாததால் மாதம் இரண்டு முறை வந்து பழுத்ததை மட்டும் தேடிப் பறிக்கிறார் பெரியவர்.

விட்டால் ஐம்பது அடிக்கு வளரும் என்பதால் உச்சியை வெட்டி இரண்டு ஆள் உயரத்தில் நிறுத்தியிருக்கிறார். ஆனாலும் மேல் கிளையைக் கொக்கி போட்டுத்தான் இழுக்க வேண்டும். இலை ஒவ்வொன்றும் ஒரு சாணுக்கு மேல் நீளமும் அதில் பாதி அகலமுமாகத் தோல் போலத் தடித்திருக்கிறது. பழம் பெரிய நெல்லிக்காய் அளவு. நானும் ஒரு கிளையை இழுத்துப் பார்த்தேன். அதில் கூடு கட்டியிருந்த முசுற்றெறும்புகள் என் கழுத்திலும் காதிலும் இறங்கின. பெரியவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஏதோ இலையைக் கசக்கித் தடவச் சொன்னார். எரிச்சல் இரவு வரை இருந்தது.

பழத்தை இரண்டு விரலால் பிதுக்கிக் கொட்டையை வெளியே எடுப்பது எங்கள் பழக்கம். இது பிதுங்கவில்லை. தோலும் சதையும் அவ்வளவு தடிப்பு. நம் அராபிக்காவில் ஐந்து ஆறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ பச்சைக் கொட்டை கிடைக்கும். இதில் பத்துப் பன்னிரண்டு கிலோ பழம் வேண்டும் என்றார் பெரியவர். மற்ற காப்பிக்கென்று செய்த தோல் நீக்கும் இயந்திரம் இந்தப் பருமனுக்கு ஒத்துவராது. ஏணி ஏறிப் பறிக்கும் கூலியையும் கூட்டினால், உலகச் சந்தை இதைக் கைவிட்டதன் காரணம் சுவையில் மட்டும் இல்லை, கணக்கிலும் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. மார்டி என்ற அரசு வேளாண் ஆய்வுக் கழகம் வெளியிட்ட ஒட்டுக்கன்றுகள் வந்த பிறகு காய்ப்பு பரவாயில்லை என்றார். ஆயினும் பக்கத்து நிலங்களில் செம்பனை ஏறி வந்துகொண்டிருக்கிறது. செம்பனைக்கு ஏணியும் வேண்டாம், உலர்களமும் வேண்டாம்.

பழத்தை வாயில் போட்டுச் சப்பிப் பார்த்தேன். பலாச்சுளையின் இனிப்பு! ரயில் நிலையத்தில் நாக்கின் அடியில் மீந்த வாசனை இதுதான். பெரியவரிடம் சொன்னதும், பலா இல்லை, சம்படாக் என்று திருத்தினார். சம்படாக் என்பது பலாவின் சிறிய உறவு, வாசனை மட்டும் இரு மடங்கு. லிபெரிக்காவுக்கு மிக நெருங்கிய எக்செல்சா என்ற இனமும் உண்டு. அதையும் லிபெரிக்காவின் கிளை என்று 2006-இல் சேர்த்தார்கள். மரபணுவை ஆராய்ந்து 2025-இல் தனி இனம் என்று பிரித்திருக்கிறார்கள். வியட்நாமில் எக்செல்சாவுக்குப் பலாக் காப்பி என்றே பெயர். அதன் இலை பலா இலையைப் போல இருப்பதால் வந்த பெயர் என்கிறார்கள். இந்தத் தோட்டத்தில் எக்செல்சா இல்லை, நான் பார்க்கவும் இல்லை.

வந்த வழியில் பெரியவரின் மனைவி பொரித்த மரவள்ளியும் நெத்திலிச் சம்பலும் வைத்து உட்கார வைத்தார். பணம் கொடுக்க முயன்றதை மச்சான் கண்ணால் தடுத்தார்.

நவம்பர் 15, சனி: வறுப்பறை

தவுக்கேயின் தம்பி மகன் நடத்தும் வறுப்பறையை மதியம் வரை பார்த்தோம். படம் எடுக்க அனுமதி இல்லை. ரப்பர் கட்டை எரியும் அடுப்பின் மேல் இரும்பு உருளை சுழல்கிறது. ரொபஸ்டாவும் லிபெரிக்காவும் கலந்து போடுகிறார்கள். உள்ளூர் விளைச்சல் போதாது, விலையும் கட்டாது என்பதால் லிபெரிக்காவின் பங்கு ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறதாம். கொட்டை கறுக்கும் தறுவாயில் சர்க்கரையை வாளியோடு கொட்டுகிறார்கள், பின்னாலேயே மார்ஜரின், ஒரு பிடி உப்பு. பாகு பற்றிப் புகை கிளம்பி, தட்டில் கொட்டியதும் கடலை மிட்டாய் போல இறுகிப் போகிறது. அதை உடைத்து அரைக்கிறார்கள். நான் முதல் நாள் ஆயர் ஈத்தாமில் குடித்ததில் பாதி இந்தப் பாகுதான். கொட்டை மட்டமாகக் கிடைத்த காலத்தில், அதன் குறையை மூடவும் அளவைக் கூட்டவும் ஹைனான் சீனர்கள் கைக்கொண்ட முறை என்று சொல்கிறார்கள். இப்போது அந்தப் பாகு இல்லாவிட்டால் வாடிக்கையாளர் காப்பியே இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்களாம்.

கலப்படம் என்று சொல்ல வாய் வந்தது, நல்லவேளை அடக்கிக்கொண்டேன். என் கடையில் அறுபதுக்கு நாற்பது என்று சிக்கரி கலந்து அரைத்த மூட்டைகள் கணக்கில் அடங்காது. தூளில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்று நம் சட்டமே சிக்கரிக்கு ஏறத்தாழ பாதி இடம் விட்டிருக்கிறது. சிக்கரி இல்லாத தூளைக் கொடுத்தால் தண்ணீராக இருக்கிறது என்று சேலத்திலும் திருப்பிக் கொடுப்பார்கள்.

ஆகவே கொட்டையை எடைபோட வேண்டுமென்றால் அந்த ஊர்ப் பாகையும் நம் ஊர்ச் சிக்கரி வேரையும் ஒதுக்கிவிட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. இரவு அத்தையின் இரும்புச் சட்டியில் தவுக்கே கொடுத்த பச்சை லிபெரிக்காவை வெறுமனே வறுத்தேன். கொட்டைகள் சிறிதும் பெரிதுமாக இருப்பதால் சீராக வறுபடாமல் பாடாய்ப் படுத்திவிட்டன. சிறியவை கருகத் தொடங்கும்போது பெரியவை இன்னும் மஞ்சளாகவே இருந்தன. வெடிக்கும் சத்தம் கேட்ட நேரத்தில் தெருமுழுக்க மணம் போயிருக்கிறது. எதிர்வீட்டுச் சிறுமி வந்து, பாட்டி சம்படாக் சுடுகிறார்களா என்று கேட்டாள்.

நவம்பர் 16, ஞாயிறு: மூன்று குவளைகள்

காலையில் எல்லோரும் குளித்து முடித்துப் பரீட்சைக்கு உட்காருவது போல மேசையைச் சுற்றி அமர்ந்தார்கள். முதலில் ஏற்காட்டுப் பீபெரியை மச்சானின் மனைவியான அக்காவின் மிக்சியில் அரைத்து இறக்கினேன். வாயில் வைத்தால் பெலாச்சான்! முந்தின நாள் சம்பல் அரைத்த மிக்சி அது. இறால் விழுது வாசனையை எந்தச் சோப்பாலும் போக்க முடியாது என்று அக்கா முன்பே சொல்லியிருக்கலாம். அத்தையின் பழைய கல்லுரலைக் கழுவிக் காயவைத்து, மூன்றையும் தனித்தனியாகக் கையால் இடித்தேன். நேரம் பத்தரை ஆகிவிட்டது, இட்லி ஆறிப் போயிற்று.

ஒரே அளவு தூள், ஒரே கொதிநீர், காலுறை போல நீண்ட அவர்களுடைய துணி வடிகட்டி. பாலும் சர்க்கரையும் இல்லை.

ஏற்காட்டு அராபிக்கா தெளிந்த செந்நிறத்தில் இறங்கியது. முதல் வாயில் நாரத்தை ஓட்டின் புளிப்பு, நடுவில் வெல்லத்தின் சாயல், கசப்பு கடைசியில் மெலிந்து ஓய்ந்தது. பச்சைக் கொட்டையிலேயே சர்க்கரைச் சத்து ரொபஸ்டாவைவிட அதிகம் என்பதால் வறுக்கும்போது அந்த இனிமை வருகிறது. வயநாட்டு ரொபஸ்டா கறுப்பாக இறங்கியது. கனம், வேர்க்கடலைத் தோலின் துவர்ப்பு, நாக்கில் ஒட்டிக்கொள்ளும் கசப்பு. நூறு கிராம் அராபிக்காவில் காஃபின் ஏறத்தாழ 1.2 கிராம், ரொபஸ்டாவில் 2.2 கிராம். பூச்சியை விரட்ட மரம் வைத்துக்கொண்ட அந்த நஞ்சுதான் ரொபஸ்டாவை நோய் நொடியில்லாமல் காக்கிறது, நம்மை எழுப்பியும் விடுகிறது. நம் நாட்டு விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ரொபஸ்டாதான் என்பதை, அராபிக்காவின் பெருமை பேசும் நாங்கள் யாரும் உரக்கச் சொல்வதில்லை.

லிபெரிக்கா இந்த இரண்டுக்கும் இடையில் நிற்கும் என்று எதிர்பார்த்தேன். நிற்கவில்லை, வேறு பக்கம் போனது. புளிப்பு குறைவு, ஆனால் இனிமையான நெடி மூக்கில் ஏறுகிறது. கள்ளும் பலாவும் புகையும் சேர்ந்தது போல. கசப்பு ரொபஸ்டாவைப் போலக் குத்தவில்லை. குடித்துக் கால்மணி நேரம் கழித்தும் வாயில் வாசனை நின்றது. என் சீரற்ற வறுவலால் நடுவில் ஒரு பச்சை வாடை வந்தது உண்மை, அதற்குக் கொட்டையைக் குறை சொல்ல முடியாது. இத்தனை நறுமணத்தை மார்ஜரினில் மூழ்கடித்துவிட்டார்களே என்று நான் வருந்தியதும் மச்சான் மறுத்தார். மூழ்கடித்த பிறகும் ரயில் நிலையத்தில் உங்கள் நாக்குக்கு அது தெரிந்ததே, ரொபஸ்டாவாக இருந்தால் தெரிந்திருக்குமா என்றார். எனக்குப் பதில் இல்லை.

குவளையின் அடியை முகர்ந்துகொண்டிருந்தபோதுதான் வேறொன்று உறைத்தது. ஏற்காட்டிலும் பழனி மலையிலும் பெருவாரியாக நிற்கும் அராபிக்கா எஸ்.795 என்ற ரகம். கர்நாடகத்தின் பாலேஹொன்னூர் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி 1940-களில் தோட்டங்களுக்கு வந்தது, இலைத் துருவைத் தாங்குவதற்காகவே எடுத்தது. அந்தத் தாங்கும் குணம் வந்த வழியைக் காப்பி வாரியத்தின் கையேட்டில் எப்போதோ படித்திருக்கிறேன். அதன் மூதாதையான எஸ்.26 என்பது அராபிக்காவும் லிபெரிக்காவும் தோட்டத்தில் தானாகக் கலந்து பிறந்த செடி. முப்பத்திரண்டு ஆண்டுகள் அசல் அராபிக்கா என்று நான் பொட்டலத்தில் அச்சடித்து விற்ற கொட்டையில், அத்தை வீட்டுக் கொல்லையில் நின்ற மரத்தின் ரத்தம் ஓடியிருக்கிறது. ஏற்காட்டுக் குவளையை மறுபடி எடுத்துப் பலா வாசனை தெரிகிறதா என்று பார்த்தேன். தெரிந்தது என்று சொன்னால் அது பொய்.

அத்தையிடம் மூன்றையும் நீட்டினேன். அராபிக்காவை ஒரு வாய் குடித்து, “புளிச்சுப் போச்சே தம்பி, ஊர்லேருந்து வர்றதுக்குள்ள கெட்டுருச்சோ?” என்றார். லிபெரிக்காவைக் குடித்து வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, அம்மா வறுத்தது இதைவிடக் கருப்பாக இருக்கும் என்று மட்டும் சொன்னார். ரொபஸ்டாவில் கெட்டிப்பால் இரண்டு கரண்டி ஊற்றச் சொல்லி, அதை மட்டும் முழுதாகக் குடித்து முடித்தார்.

நவம்பர் 17, திங்கள்: புறப்பாடு

இம்முறை சீட்டை மச்சானே எடுத்தார். காலையில் ரயில் நிலையக் கடையில் கோப்பி ஓ கோசோங் கேட்டேன், ஒரே முயற்சியில் சரியாக வந்தது. தவுக்கேயிடம் லிபெரிக்கா ஒரு கிலோ வறுத்தே வாங்கிக்கொண்டேன். பாகு போடாமல் வறுத்துத் தரும்படி கேட்டதற்கு, அவருடைய உறவுப் பையன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தனியாக வறுத்துக் கொடுத்தான்.

பெட்டி கட்டும்போது சமையலறை அலமாரியைப் பார்த்தேன். வயநாட்டு ரொபஸ்டாவை அத்தை மூடி இறுக்கிய போத்தலில் பத்திரப்படுத்தியிருந்தார். ஏற்காட்டுப் பீபெரிப் பொட்டலத்தைக் காணவில்லை. எதிர்வீட்டுச் சீனக் குடும்பம் புளிப்பு விரும்பிக் குடிக்குமாம், கொடுத்துவிட்டேன் என்றார்.

பேருந்தில் ஏறியதும் அக்கா ஒரு பிளாஸ்கை ஜன்னல் வழியே நீட்டினார். யோங் பெங் தாண்டித் திறந்து பார்த்தேன். கெட்டிப்பால் ஊற்றிய ரொபஸ்டா. வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. மூடியில் ஊற்றி இரண்டு முறை குடித்தேன்.